திடீர் பக்தி

"கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன்க்கா. இப்போ ஒரு மாசமா ஆபீஸ் விட்டதும் வரதர் கோயிலுக்குத்தான் ஓடுறாரு. நடை சாத்துற வரைக்கும் வூட்டுக்கு வர்றதே இல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பூரித்துப் போனாள் கலையரசி.

அங்கே கோயில் மண்டபத்தில், தூணில் சாய்ந்து அசதியுடன் கண்ணை மூடியிருந்தான் அவள் கணவன் மணிவண்ணன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தால், மேனேஜர்!

பதறி எழுந்தான். "சார், போன் பண்ணீங்களா? போன மாசம் ஆபீஸ்ல குடுத்த செல்போனை உள்ள வுட மாட்டேங்கிறாங்க சார். வாசல்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கினு வந்தேன்..."

"உக்காருப்பா" என்ற மேனேஜர், சட்டைப்பையிலிருந்து இரண்டு டோக்கன்களை எடுத்துக் காட்டினார்.

"பிரமோஷன் வந்ததுலேர்ந்து எனக்கு ரெண்டு போன்."