சோதனைக்கு ஒரு பெயர்

2007 ஐப்பசி. காணாமற்போனோர் பட்டியலைக் கணினியில் வைத்திருக்க, இலவசமாகக் கிடைத்த மென்பொருள் ஒன்றை ஊர்காவற்றுறை நிவாரண அலுவலகத்தில் மேர்சி பரிசோதித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய பட்டியல் நேற்றே அதில் ஏற்றப்பட்டிருந்தது.

“நல்லாய் வேலை செய்யுது அக்கா. ஆனால் விளக்கக் குறிப்பு அரைவாசியிலை நிக்குது.”

“செய்தவரைக் கேளுமன்,” என்றார் பொறுப்பாளர் ஜெயந்தா.

“இங்கை சரவணை ஊர்ப் பெடியன், குகரூபன் எண்டு பேர். தை மாதம் ஒருக்காப் பதில் போட்டவர். பிறகு ஒரு சத்தமும் இல்லை.”

“கனடாவுக்குப் போயிருப்பார். இனி எங்களை எங்கை நினைக்கிறது? பொறுப்பில்லாத ஆள் எண்டு அறிக்கையிலை எழுதும்.”

மேர்சி எழுதினாள். கடைசிச் சோதனைக்குப் புதுப் பெயர் ஒன்றைப் பதிய வேண்டியிருந்தது.

“அக்கா, உங்கடை பேரைப் போடட்டோ?”

“ஐயோ, வேண்டாம்! உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரை அந்தப் பட்டியலிலை போடுறதே?”

“அப்ப அந்தாளின்ரை பேரையே போடுறன். கனடாவிலை இருக்கிறவருக்கு என்ன வரப்போகுது?”

ஜெயந்தா தடுக்கவில்லை. மேர்சி பெயரையும் ஊரையும் தட்டினாள்.

திரையில் உடனே பதில் வந்தது:

‘இப்பெயர் ஏற்கெனவே பதிவில் உள்ளது. காணாமற்போன மாதம்: மாசி. பதிந்தவர்: தாய்.’