சேர் டிக்கெட்டில் பெண் பார்த்தார்கள்

திரையில் இருமியவள் கதாநாயகி. லட்சுமம்மா திரும்பி முறைத்ததோ பக்கத்து நாற்காலியில் இருந்த தனலக்ஷ்மியை. அவளும் அதே நேரம் பார்த்துத்தானா இரும வேண்டும்!

தரை டிக்கெட்டில் ஓர் ஆள் பாக்கியில்லாமல் பீடி பற்ற வைத்திருந்தார்கள். அந்தப் புகையில் யாருக்குத்தான் தொண்டை கமறாது? சின்னத்தாய் மகளை மெல்லக் கிள்ளி, "அடக்கிக்கடி" என்று காதைக் கடித்தாள்.

சிவாஜிநகர் டாக்கீஸில் மேட்னி ஷோவில் பெண் பார்க்கலாம் என்றது லட்சுமம்மாதான். வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டு வேண்டாமென்றால் தெருவே சிரிக்கும். சினிமாவென்றால் ஈ காக்கைக்குத் தெரியாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். பதினாலணா சேர் டிக்கெட்டும் அவள் செலவுதான். ஆனால் படம் ஆரம்பித்து விளக்கணைந்த பிறகுதான் மகன் முனிகிருஷ்ணனோடு வந்து சேர்ந்தாள்.

படமும் பார்த்து வாய்த்தது! பதினாறு வயதுப் பெண்ணுக்கு க்ஷயரோகம். பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவள் குடித்து மிச்சம் வைத்த பாலை அவன் எடுத்துக் குடித்ததும் கொட்டகையே மூக்கைச் சிந்தியது.

"தூ! சீக்குக்காரி எச்சில குடிக்கிறானே, மூளை கீளை இருக்கா இவனுக்கு?" என்றாள் லட்சுமம்மா, நாலு வரிசைக்குக் கேட்கும்படி.

இடைவேளை. விளக்கு வந்ததும் முனிகிருஷ்ணன் பெண்ணை ஒரு தடவை பார்த்தான். அப்போது குனிந்தவன்தான், அப்புறம் செருப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சின்னத்தாய் நொந்துபோனாள். தனலக்ஷ்மியோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லட்சுமம்மா பிளாஸ்க்கைத் திறந்தாள். மற்றவர்களுக்குப் பித்தளை டம்ளர். மகனுக்கு மட்டும் துணியில் தனியாகச் சுற்றி வைத்திருந்த வெள்ளி டம்ளர். வாங்கிக் கொடுக்கலாமென்று சின்னத்தாய் கை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அத யாரும் தொடக்கூடாது. அவனோடது."

ஒற்றைப் பிள்ளை, செல்லம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டாள் சின்னத்தாய்.

"ஏம்மா, உன் புருஷன் எதுல செத்தாரு?" என்று ஆரம்பித்தாள் லட்சுமம்மா.

"கோலார் சுரங்கத்துல வேலைங்கக்கா. கல்லுத் தூசி மாருல அடைச்சி..."

"இருமி இருமியே செத்தாருன்னு சொல்லு. அப்பனுக்கு இருந்தது பொண்ண விட்டுடுமா? அதான் லொக்கு லொக்குங்கறா."

"அய்யோ, அது பீடிப் பொகைங்க!"

"எங்க தொண்டைக்கு மட்டும் அந்தப் பொகை வரலியா? சீக்குப் புடிச்சவள என் புள்ள தலைல கட்டப் பாக்குறியே, நல்லா இருப்பியா நீ?"

முன் வரிசைத் தலைகள் திரும்பின. ஏற்கெனவே இரண்டு வரன் அப்பனின் இருமலைச் சொல்லியே தட்டிப் போயிருந்தது. இவளும் வெளியே போய் வாயைத் திறந்தால் இனி மகளைக் கேட்டு ஒருத்தன் வாசல் மிதிக்க மாட்டான். சின்னத்தாய் மானத்தை விட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்னா வேணாம்கா. வெளியில மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"சொல்லத்தான் போறேன். நாலு குடும்பம் தப்பிக்கணுமில்ல? இந்த சம்பந்தம் நமக்கு பேடா, வேணவே வேணாம்! ஆமா, பொண்ணு ஆபீசுல வேலைன்னானே தரகன், எந்த ஆபீசு? அதுவும் புளுகுதானா?"

சின்னத்தாய் பயந்துகொண்டிருந்ததே இந்தக் கேள்விக்குத்தான். பதில் தேடுவதற்குள் தனலக்ஷ்மி எழுந்துவிட்டாள்.

"புளுகுதாங்க. நான் டி.பி. ஆஸ்பத்திரில நர்சு. ஊசி போடற ரூம்ல இருக்கேன்."

சின்னத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரி பேரைக் கேட்டாலே ஓட்டம் பிடிக்கிறார்களே என்றுதான் ஆபீஸ் என்று சொல்லி வைத்திருந்தாள். ஊரார் உடைத்தால் கூடப் பரவாயில்லை, பெற்ற மகளே போட்டு உடைத்துவிட்டாள்.

"கேட்டீங்களா! எல்லாரும் கேட்டுக்கோங்க!" லட்சுமம்மாவுக்குக் கொட்டகையே போதவில்லை. "அங்கேருந்தே ஒட்டிக்கிட்டு வந்திருக்கா! கண்ட சீக்குக்காரனத் தொட்ட கையி! டேய் முனி, அவ பக்கமே திரும்பாத, வாடா!"

முனி அதற்குள் பாதி வரிசை தாண்டி வாசலைப் பார்க்க நடந்துகொண்டிருந்தான். தனலக்ஷ்மி அவன் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நாப்பத்திமூணாம் நம்பர், ரெண்டு வாரமா ஊசிக்கு ஏன் வரல?"