ஒன்றரை மில்லி

"இதை மாட்டினவன் மெக்கானிக் இல்ல அம்மிணி, கொலைகாரன்."

மெக்கானிக் ஹெர்பர்ட், லாரி என்ஜினில் வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராடு கம்பிகள் இரண்டையும் மேசைமேல் வைத்தார். ஒன்று வளைந்திருந்தது. நேராக இருந்ததை எடுத்து, பட்டறையிலிருந்த வழக்கமான அளவுப் புது ராடு ஒன்றோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தார். மயிரிழைகூட வித்தியாசமில்லை.

"ரெண்டும் ஒரே நீளந்தானுங்களே? அப்புறம் என்னங்க தப்பு?" என்றாள் பிலோமி. சோலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிக் குன்னூருக்கு வந்திருந்தாள்.

"அதுதான் தப்பே. என்ஜினோட மேல்மூடியை, அதான் ஹெட்டை, மட்டமாச் சீவின சீட்டு கொண்டாந்திருக்கியே, பாரு. ஒண்ணரை மில்லிமீட்டர். ஹெட்டு அவ்வளவு கீழ எறங்கிருச்சு. அப்ப ராடும் ஒண்ணரை மில்லி குட்டையா இருக்கோணும். பழைய நீளத்தையே போட்டா வால்வு முழுசா மூடாது. வெறும் வண்டின்னா எப்படியோ ஓடும். லோடோட ஏத்தம் ஏறினா வால்வு போய்ப் பிஸ்டன்ல இடிக்கும். ராடு வளையும். என்ஜின் நின்னுரும்."

"நின்னுச்சுங்க. சோலூர் ஏத்தத்துல. லோடுக்குப் பிரேக்கும் தாங்கல, லாரி பின்னால உருண்டுருச்சு. மேல உக்காந்திருந்த கொழுந்தெடுக்கற பொம்பளைங்க மூணு பேரு…"

ஹெர்பர்ட்டுக்கு நினைவு வந்தது. மூன்று பேரும் செத்துப்போனது பேப்பரில் வந்திருந்தது. கண்மூடித்தனமாக ஓட்டினான் என்று டிரைவர் ஆறுக்குட்டிக்கு இரண்டு வருஷம் ஜெயில் போட்டிருந்தார்கள்.

"ராடு எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"சாக்குல சுத்தி ஒளிச்சு வெச்சிருந்தாங்க. எடுத்துட்டு வந்துட்டேன்."

"கோயமுத்தூர் போனா குட்டை ராடு கெடைக்கும். ஒரு நாள் வேலை. அதுக்குமா சோம்பல்?"

"அன்னைக்கு ஊட்டியில ரேஸுங்க. குதிரை பாக்கப் போயிட்டாரு."

"யாரு அந்தப் பெரிய மனுசன்?"

"பவுல்ராஜ்னு எஸ்டேட் மெக்கானிக்குங்க. வண்டியில ஒரு கொறையும் இல்ல, டிரைவர்தான் காரணம்னு பைபிள் மேல கைய வெச்சுக் கோர்ட்டுல சொன்னாரு." அவள் நிமிர்ந்தாள். "நீங்க சொன்னதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? செவ்வாய்க்கிழமை அப்பீலுங்க."

ஹெர்பர்ட் யோசித்தார். எஸ்டேட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் இனி ஒரு வண்டியும் அவர் பட்டறைக்கு வராது. வளைந்து கிடந்த ராடைப் பார்த்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தார்.

பாதி எழுதும்போது பிலோமி கேட்டாள்: "இதைக் குடுத்தா அந்தாளுக்கு என்னங்க ஆகும்?"

"ஆறுக்குட்டி கெடக்கற எடத்துல அவன் கெடப்பான். வேலை போகும். எஸ்டேட்டுல குடுத்த ஊட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க."

அவள் வளைந்த ராடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க அவருக்கு. பெரியவளுக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசியிருக்குது."

"அதை அவனல்ல நெனச்சிருக்கோணும்? நீ எதுக்கு எரக்கப்படறே? உன்ற ஊட்டுக்காரரை உள்ள தள்ளிட்டு அவன் நிம்மதியாத் தூங்கறான்."

"தூங்கறாருங்க," என்றாள் பிலோமி. "நல்லாவே தூங்கறாரு."

ஹெர்பர்ட் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். ஒருமுறை படித்துப் பார்த்தார். "கேட்டு வாங்கினது யாருன்னு போடோணுமே. ஆறுக்குட்டி சம்சாரம்னு எழுதிக்கட்டுமா?"

"அந்தக்கா என்ற மொகத்துலயே முழிக்கறதில்லீங்க," என்றாள் அவள். "பிலோமி, பவுல்ராஜ் சம்சாரம்னு எழுதுங்க."