கொழுப்பு தானம்

என் குடலில் நான்கு வருடமாகப் புண். எந்த மருந்துக்கும் ஆறவில்லை. அம்மாவின் இடுப்புக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து என் வயிற்றுக்குள் வைத்தால், அதில் சுரக்கும் ஹார்மோன் புண்ணை ஆற்றிவிடும் என்றார்கள். இப்போதெல்லாம் எல்லோருக்கும் இதுதான் வைத்தியம். அம்மாவின் கொழுப்பு எனக்குப் பொருந்துகிறது என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவள் முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இன்று ஆபரேஷன். அம்மாவை ஸ்கேன் செய்த டாக்டர் யாழினியின் முகம் மாறியது.

"என்னம்மா, போன தடவை பார்த்ததுல பாதி கொழுப்புகூட இல்ல. ஹார்மோனும் சுத்தமா இறங்கிடுச்சு. சரியா சாப்பிடலையா?"

"இவனுக்கு நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேங்க. ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து கழிவறைக்கு ஓடினேன். இன்றும் ரத்தம்தான்.

"நல்லா சாப்பிட்டு உடம்பு தேறினதும் வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

கேன்டீனில் ஒரு நெய் ரோஸ்ட் வாங்கி அம்மாவின் முன் வைத்தேன். என்னால் அதைத் தொடவும் முடியாது. சாப்பிடும்மா என்று கெஞ்சினேன், கத்தினேன். அவள் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"இல்ல சாமி. நான் இருந்த விரதம் முருகனுக்குப் பத்தல போலிருக்கு. இனிமே தண்ணி மட்டும்தான்."