போறணைக்குள் போன தாள்

மத்தியான வெயில் கூரை இடுக்கால் மாத்தூசிக்குள் இறங்குகிறது. பேக்கரித் தொழிலாளருக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலமே வேலை என்ற அரசாங்கக் கட்டளைத் தாளை, மா குழைக்கும் ஏரம்பு காலையில்தான் சுவரில் ஒட்டியிருந்தான். முதலாளி இராசநாயகம் அதைக் கிழித்துப் பாண் சுடும் போறணை அடுப்பின் நெருப்பில் எறிகிறார். ஏரம்பு யோசிக்காமல் கையை உள்ளே விட்டுத் தாளைப் பற்றி இழுக்கிறான். தோல் கருகி மணக்கிறது. பாண் எடுக்கும் நீண்ட மரத்துடுப்பு அவன் முதுகில் இறங்குகிறது, மறுபடியும் இறங்குகிறது.

“விடடா உந்தத் தாளை!”

“விடமாட்டன், முதலாளி. இது எங்கடை.”

மூன்றாம் அடிக்கு ஓங்கிய துடுப்பைப் பின்னாலிருந்து ஒரு கை பிடிக்கிறது. இருபது வருடமாக முதலாளியை எதிர்த்துக் கதைத்தறியாத தொழிலாளி முத்துக்குமாரு.

“இன்னொரு அடி விழுந்தால் இது பிறகு ஆரின்ரை தலையிலை இறங்குமெண்டு எனக்கே தெரியாது.”

இராசநாயகம் திரும்பிப் பார்க்கிறார். மாப்பலகையை விட்டு எல்லாரும் எழும்பி நிற்கிறார்கள்.