லேசருக்கு வேப்பிலை

கண்ணாடியில் இருந்த முகம் அவளைப் பார்த்து அருவருத்தது.

அவளும் விடவில்லை. திருப்பி அருவருத்தாள்.

நெற்றி, சுட்ட கத்தரிக்காய். கன்னம் இரண்டும் தோசைக்கல்லில் விழுந்து எழுந்தவை. மூக்கின் மேல் பொரிபொரியாய்ப் பக்கு. கண்கள் எங்கேயோ உள்ளே இருந்தன, கூப்பிட்டால் வரும்.

"ஒரு வாரம் கொஞ்சம் சிவப்பா இருக்கும்" என்றிருந்தார் மதுரை டாக்டர்.

கொஞ்சமாம்.

லேசரால் மேல்தோலைச் சுட்டு எடுத்துவிட்டால் அடியிலிருந்து புதுத்தோல் வருமாம். முதலில் வீங்கும். பிறகு நீர் கசியும். பிறகு பக்கு கட்டி உதிரும். வெயில் ஆகாது. சோப்பு ஆகாது. சொறியவே கூடாது. வாஸ்லினைப் பூசிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும்.

சிவப்பு முழுசாகப் போக மாதக்கணக்கில் ஆகலாம் என்பதை, முகத்தில் மரத்துப்போக வைக்கும் மருந்தைப் பூசிய பிறகுதான் சொன்னார்கள். அப்போது அவளால் உதட்டைக்கூடச் சுழிக்க முடியவில்லை.

இத்தனையும் எதற்கு?

மகனுடைய நிச்சயதார்த்தத்தில் யாரோ ஒரு கிழவர், "நீங்க மாப்பிள்ளையோட பாட்டியா?" என்று கேட்டுத் தொலைத்ததற்கு.

மாப்பிள்ளைக்கே முப்பத்தாறு வயது. விருதுநகர் மாவட்டத்து ஜாதகங்கள் அத்தனையும் வந்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு, ஒட்டிக்கொண்ட ஒரே ஜாதகம் இது. சித்திரையில் கல்யாணம். வைகாசியோடு மகனுக்குக் குரு பலன் முடிகிறது. அதற்கப்புறம் வாழைமரம்தான் அவனுக்குக் கழுத்தை நீட்டும்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். தான் பெங்களூர் போயிருப்பதாகத் தெருவில் சொல்லச் சொன்னாள். கணவர் ஆவுடையப்பன் சொன்னார். அவர் சொன்ன பொய்யை அவருடைய மீசைகூட நம்பவில்லை.

இன்று விடியற்காலை பால் பாக்கெட்டை எடுக்க ஒரு நொடி கதவைத் திறந்தாள்.

எதிர்வீட்டுச் சீனியம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கோலப்பொடிக் கையோடு கும்பிட்டாள்.

"தாயே! முத்துப் போட்டிருக்கியே!"

அவ்வளவுதான். தெருவுக்கு அது அம்மை. அம்மை என்றால், அம்மனே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

காலைப் பலகாரத்துக்குள் வட்டாரத்து வேப்பமரங்கள் எல்லாம் மொட்டை. கேட்டில் தோரணம். வாசலில் மஞ்சள் தண்ணீர். தெரு மொத்தமும் தாளிப்பதை நிறுத்திவிட்டது. கடுகு வெடிக்காத காலையைப் பார்த்துக் காக்கைகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. இளநீர் வந்து குவிந்தது. கூழ் வந்தது. அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்கள், அவள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

முட்டாள் ஜென்மங்கள், என்றாள் அவள், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று. லேசருக்கும் அம்மைக்கும் வித்தியாசம் தெரியாததுகள்.

அவள் எம்.எஸ்ஸி. விலங்கியல்.

அப்போதுதான் சம்பந்தி வீட்டுக் கார் வந்து நின்றது.

வசுமதி இறங்கினாள். கல்யாணப் பெண்ணின் அம்மா. பட்டுச்சேலை. கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, ஆத்தா வந்திருக்கிற வீட்டுல நல்ல காரியம் வைக்கக் கூடாது" என்றாள் ஆவுடையப்பனிடம். "ஆவணிக்கு அப்புறமா பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம்.

போன ஜாதகங்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் ஏறித்தான் போயின.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முகத்தில் வெயில் அறைந்தது. நெருப்பாய் எரிந்தது.

"அம்மையும் இல்ல, ஆத்தாளும் இல்ல! நானே மதுரைக்குப் போயி, காசு குடுத்து, லேசர வச்சு மூஞ்சியச் சுட்டுக்கிட்டு வந்தேன்! போதுமா?"



கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

சீனியம்மாள் பக்கத்தில் நின்றவளின் காதருகே குனிந்தாள்.

"காசு குடுத்து எவளாச்சும் மூஞ்சியச் சுட்டுக்குவாளாடி? ஆத்தா நம்மளச் சோதிக்கிறா."

குலவை கிளம்பியது. ஓடுகள் அதிர்ந்தன. ஒருத்தி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் காலில் கவிழ்த்தாள். லேசர் அறைக்கு வெளியே உட்கார்ந்து முறுக்குத் தின்ற ஆவுடையப்பன், சாட்சாத் அந்த ஆவுடையப்பனே, தன்னை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

அதற்குள் வசுமதி முன்னால் வந்து, பட்டுச்சேலையோடு தெருப்புழுதியில் மண்டியிட்டுவிட்டாள்.

"கோவிச்சுக்காத தாயே. நீயே சொல்லு. பிள்ளைங்க கல்யாணத்த எப்ப வச்சுக்கட்டும்?"

குலவை நின்றது. தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

அவள் பார்த்தாள். கூப்பிய கைகளை. மண்ணில் புரளும் முந்தானையை. பாதி திறந்த வாயோடு நின்ற தன் புருஷனை.

இவ்வளவு மடத்தனத்தை ஒரே இடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

கை மெல்லப் பின்னால் போனது.

கொண்டை ஊசியை உருவித் தலைமுடியை விரித்துப் போட்டாள்.