நல்லம்மாளின் சந்தேகங்கள்

"டீச்சர், ஒரு சந்தேகம்!"

நல்லம்மாள் எழுந்து நின்றதுமே வகுப்பில் பாதிப் பேர் சிரிக்கத் தயாரானார்கள். பக்கத்தில் இருந்த ஆசியா பீவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு பிள்ளைன்னா சைல்டு. ரெட்டைப் பிள்ளை பிறந்தா சைல்டுஸ்தானே?"

கொல்லென்று சிரிப்பு.

"சில்ட்ரன்!" என்ற புஷ்பவள்ளி டீச்சர், கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலைக்குப் படிக்கிற பெண்கள் அவர்கள். பிரசவம் பார்ப்பதில் யாருக்கும் பயமில்லை. இங்கிலீஷ்தான் பயம். தாய் எப்படி இருக்கிறாள், பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது என்றெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால்தான் லைசென்ஸ். அதற்காகத்தான் வாரத்தில் மூன்று மத்தியானம் இந்த வகுப்பு.

ஆசியாவுக்கு இந்த லைசென்ஸை விட்டால் வேறு வழியில்லை. கப்பலில் போன புருஷன் திரும்பி வரவே இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருந்தாள்.

"இந்த ஒரு தடவைதான். தவறிட்டா வீட்டோட கிட" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் அவளும் ஒரு கேள்வி கேட்டாள். வகுப்பே சிரித்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

மறுவாரம்தான் இந்த நல்லம்மாள் ஜெலுத்தோங்கிலிருந்து வந்து சேர்ந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நேராக வந்து ஆசியாவின் பக்கத்தில் உட்கார்ந்தவள், அந்த இடத்தை விடவே இல்லை. கொட்டாவி விடுவாள். ஆசியாவின் சிலேட்டை எட்டிப் பார்ப்பாள். உடனே எழுந்து எதையாவது கேட்டு வைப்பாள்.

ஒருநாள் ஆசியாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, என் சிலேட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? சொந்தமா எழுதக் கூடாதா?"

"மண்டையில ஏற மாட்டேங்குது தங்கச்சி, என்ன செய்ய? கோவிச்சுக்காத லா."

சொல்லிவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தாள். எழுந்தாள்.

"டீச்சர், இந்தக் கமா எதுக்கு? வச்சா என்ன, வைக்காட்டி என்ன?"

"நல்லாக் கேட்டீங்க நல்லம்மா! 'நோ டேஞ்சர்'னு எழுதினா ஆபத்து இல்லைன்னு அர்த்தம். நடுவுல ஒரு கமா போட்டுட்டா, 'இல்லை, ஆபத்து'ன்னு ஆயிடும். டாக்டர் அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவார்!"

வகுப்பு சிரித்தது. ஆசியா சிரிக்கவில்லை. அவசர அவசரமாகச் சிலேட்டை விரலால் தேய்த்தாள்.

பரீட்சை வந்தது. ஆட்களைப் பிரித்து வெவ்வேறு அறைகளில் உட்கார வைத்தார்கள். இரட்டைப் பிரசவம், தாய்க்கு ஆபத்து இல்லை என்று டாக்டருக்குச் சீட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆசியாவின் பேனா ஓர் இடத்திலும் தயங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். ஆசியாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு, பக்கத்து இடத்துக்காரியின் பெயரைத் தேடினாள். மேலிருந்து கீழ்வரை எங்குமே இல்லை.

அத்தனை எரிச்சலும் கரைந்துபோயிற்று. பாவம், அந்த வயதில் எவ்வளவு ஆசையாக வந்து படித்தாள்! நேராக டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், நல்லம்மாக்கா தவறிட்டாங்களே. அவங்க சம்மதிச்சா, அடுத்த பரீட்சைக்கு நான் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்."

புஷ்பவள்ளி டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார்.

"அவங்க பரீட்சையே எழுதலையே ஆசியா. போன வருஷமே முதலாவதா பாஸ் பண்ணி, இங்கேயே மேல் வார்டில ராத்திரி வேலை பாக்கிறாங்க."

"அப்போ எதுக்கு டீச்சர் வகுப்புக்கு வந்தாங்க?"

"முதல் நாள் உன்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சப்போ வராந்தாவில நின்னுட்டிருந்தாங்க. 'அந்தப் பொண்ணு இனிமே வாயைத் திறக்காது டீச்சர். நான் பக்கத்துல உக்காந்து, அது சிலேட்டுல தப்பா எழுதறதையெல்லாம் என் சந்தேகமாக் கேக்கிறேன். சிரிக்கிறவங்க என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்'னு சொல்லிட்டுத்தான் வந்து உக்காந்தாங்க!"